வருமுன் காக்க ஏன் வர மறுக்கிறோம்?

இலவசம் என்றால் முதல் நாள் இரவே கல்லையும் பையையும் வைத்து இடம் பிடிக்கிற ஆட்கள் நாம். பொங்கல் பரிசு, வெள்ள நிவாரணம், வேட்டி சேலை... எதற்கும் வரிசை உண்டு. வரிசையே இல்லாத ஓர் இலவசமும் நம் ஊரில் இருக்கிறது.

ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்க மருந்து ஜன்னல் முன்னால் கூட்டம் முண்டும். நாலடி தள்ளி, திரை போட்ட ஓர் அறை. கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறிவதற்கானது. அங்கே நர்ஸ் மட்டும் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருப்பார். மாத்திரை வாங்க வந்த பெண்களைப் பார்த்து, "அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு சிஸ்டர்... அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்பது வழக்கமான பதில். அந்த அடுத்த வாட்டி பல வருடங்களாக வராமலே இருக்கிறது.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டது: வாழ்நாளில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டீர்களா? 'ஆம்' என்றவர்கள் இந்திய அளவில் 1.9 சதவிகிதம். தமிழ்நாட்டில் 9.8 சதவிகிதம். மாநிலங்களிலேயே நாம்தான் முதலிடம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் திரைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை என்பதுதான் அந்த முதலிடத்தின் பொருள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.2 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. 75,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்து, நின்ற இடத்திலேயே சரிசெய்துவிடக்கூடிய நோய் இது.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டும் வாழ்ந்ததா என்ன! 2020-ல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்களில் 7.3 சதவிகிதம்தான். சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவிகிதம். மீதிப் பேரில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருக்கும் விஷயமே தெரியாது.

இதைப் பற்றி எந்த அதிகாரியிடம் கேட்டாலும் வருகிற முதல் வார்த்தை, "விழிப்புணர்வு இல்லைங்க." அந்த வார்த்தையை நான் நம்புவதை விட்டு வெகுநாளாகிறது. எந்த டீக்கடையிலும் நின்று கேட்டுப் பாருங்கள். சுகர் வந்தால் கால் போகும், கண் போகும், கிட்னி போகும் என்று நம் ஆட்கள் வரிசையாகச் சொல்வார்கள். 'நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா அண்ணே' என்றால்தான் பேச்சு மாறும். "நான் கல்லு மாதிரி இருக்கேன்." "போனா ஏதாவது ஒண்ணு சொல்லிப்புடுவாங்க." "மாத்திரைய ஆரம்பிச்சா அப்புறம் விட முடியாது." அறியாமையில் பேசும் பேச்சா இது? எல்லாம் கணக்குப் போட்டுப் பேசுகிற பேச்சு.

எக்ஸ்ரே வண்டியும் காலி நாற்காலியும்

இந்தப் புதிர் நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பியது. காசு கிடையாது, வலி கிடையாது, வண்டியோ வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆனாலும் மக்கள் போதிய அளவில் ஏறவில்லை. ஏன் என்று கண்டறிய காட்ஃப்ரே ஹாக்பாம் என்ற உளவியலாளர் பாஸ்டன், கிளீவ்லாண்ட், டெட்ராய்ட் நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். இரண்டு நம்பிக்கைகள் முக்கியம் என்று தெரிந்தது. ஒன்று, 'இந்த நோய் எனக்கும் வரலாம்.' இன்னொன்று, 'அறிகுறி வருமுன் கண்டுபிடித்தால் எனக்குப் பயன் உண்டு.' இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவிகிதம் பேர் தாங்களாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவிகிதம்.

இரண்டாவது நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'சீக்கிரம் கண்டுபிடிச்சா குணமாயிடும்' என்று போஸ்டர் சொல்கிறது. நம் ஊரில் ஒருவர் கண்ணால் பார்த்திருப்பது என்ன? புற்றுநோய் என்று கண்டுபிடித்த பக்கத்து வீட்டு அக்கா, நிலத்தை விற்று, மொட்டைத் தலையோடு ஆறு மாதம் அலைந்து, செத்துப் போனாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதே முற்றிய நிலையில்தான் என்பது ஊருக்குத் தெரியாது. 'டெஸ்ட் எடுத்தா, செத்தா' என்பதுதான் மனதில் நிற்கிறது. முன்னாடியே பார்த்து, அரை மணி நேரச் சிகிச்சையில் சரியாகி, களை எடுக்கப் போய்விட்டவள் அதே தெருவில் இருந்தாலும் வெளியே சொல்ல மாட்டாள். தடுக்கப்பட்ட நோய்க்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. இது பெரிய சிக்கல்.

அம்பிளிக்கையில் நடந்தது

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை, ஒட்டன்சத்திரம் பக்கம். அங்கே உள்ள கிறிஸ்தவ மருத்துவமனையும் பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. தலைமை தாங்கியவர் மருத்துவர் ஆர்.சங்கரநாராயணன். 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. நம் ஊர்ப் பெண்கள் வரப்பிலிருந்து நேராக வந்து படுத்துக் கொடுத்த ஆய்வு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

செய்முறை எளிமையானது. பயிற்சி பெற்ற நர்ஸ், கருவி வைத்துக் கருப்பைவாயைப் பார்க்கிறார். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினிகரின் வீரியம் உள்ள திரவத்தை, பஞ்சில் தொட்டுத் தடவுகிறார். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். கோளாறான இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே, அன்றைக்கே குளிர்முறைச் சிகிச்சை கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. இப்படிப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்தன.

அழைக்கப்பட்டவர்கள் 49,311 பெண்கள். வந்தவர்கள் 31,343 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2019-21 கணக்கெடுப்பின் 9.8 சதவிகிதத்தோடு ஒப்பிட்டால் மலைக்க வைக்கும் எண்ணிக்கை. வித்தியாசம் என்ன? வீடு வீடாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பக்கத்திலேயே முகாம் போட்டார்கள். போனால் அன்றைக்கே வேலை முடிந்தது. இவ்வளவும் செய்தும் வராத 18,000 பேர் யார் என்று பார்த்தபோது, வயது கூடியவர்களும் பள்ளிக்கூடம் போகாதவர்களும் கணவர் இல்லாதவர்களும் அதிகம் விடுபட்டிருந்தார்கள். 'எனக்கு எதுக்குப்பா இனிமே' என்று ஒதுங்குகிற வயதில்தான் இந்தப் புற்று தலைதூக்குகிறது.

தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007-ல் அரசு சோதனை முயற்சியாக இந்தப் பரிசோதனையைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. திட்டம் விரிந்தபோது வீடு தேடிப் போய் அழைப்பது சுருங்கிவிட்டது. மாத்திரை வாங்க வந்தவரைக் கூப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றது. பச்சைக் கொடி அசைத்ததும் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நினைத்ததுதான் தவறு.

இலவசத்தின் விலை

"ஃப்ரீதான். ஆனா அன்னிக்குக் கூலி போயிடும்ல?" இதை ஒரு கிராமத்துப் பெண் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையம் இயங்கும் நேரமும் அவர் வேலைக்குப் போகும் நேரமும் ஒன்று. இலவசப் பரிசோதனையின் விலை அவருக்கு 336 ரூபாயும் ஷேர் ஆட்டோ காசும். தனக்கு எந்த வலியும் இல்லாத நாளில், வராமலே போகக்கூடிய ஒரு நோய்க்காக அந்தப் பணத்தை விடச் சொல்கிறோம். நம்மில் எத்தனை பேர் விடுவோம்?

கூலியோடு முடியவில்லை. மாமியாரிடம் சொல்ல வேண்டும். கணவரிடம் கேட்க வேண்டும். 'உனக்கு என்ன வந்துச்சு, அங்க போற?' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். உள்ளே போனால் ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற பயம். திரை சரியாக மூடுமா என்ற சந்தேகம். வெளியே வரும்போது யாராவது பார்த்துவிட்டு 'அவளுக்கு என்னவோ'வென்று கிளப்பிவிடுவார்களோ என்ற கூச்சம். ஆஸ்திரேலியா இந்தக் கூச்சத்தை வேறு வழியில் தாண்டியது. 2022 ஜூலை முதல், கருப்பைவாய்ப் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே, தனியாக எடுத்துக் கொடுக்கலாம் என்று எல்லாருக்கும் அனுமதித்துவிட்டது. நம் சுகாதாரத் துறை உடனே எடுத்துச் செய்யவேண்டிய காரியம் இது.

பிறகு, நடத்தும் விதம். கால் வலி என்று போன ஒரு பெண்ணை, "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்த? செத்தப்புறம் வரலாம்னு இருந்தியா?" என்று நாலு பேர் முன்னால் ஒரு மருத்துவர் அதட்டியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு போனார். அக்கறையில் வந்த கோபம்தான் அது. ஆனால் அந்த வாசலை அவர் மறுபடி சும்மா மிதிக்க மாட்டார்.

பயமுறுத்தினால் வருவார்களா?

சிகரெட் அட்டையில் அழுகிய வாய், சுவரில் வெட்டிய கால். பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பது நம் பிரசாரங்களின் அசையாத நம்பிக்கை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவெந்தால் குழு 1965-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. மாணவர்களில் ஒரு பிரிவுக்கு டெட்டனஸ் பற்றிப் பதறவைக்கும் படங்களோடு கையேடு. இன்னொரு பிரிவுக்குச் சாதுவான கையேடு. பயந்தவர்கள் 'கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்' என்று வாயால் பலமாகச் சொன்னார்கள். போட்டுக்கொண்டது என்னவோ, சுமார் 3 சதவிகிதம்தான்.

சிலருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று கொடுத்தார்கள். வளாக வரைபடத்தில் மருத்துவ மையத்தை வட்டமிட்டுக் காட்டி, 'எந்த வகுப்பு முடிந்து, எத்தனை மணிக்கு, எந்த வழியாகப் போவீர்கள்' என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் 28 சதவிகிதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மையம் எங்கே இருக்கிறது என்பது அந்த மாணவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் 'போகணும்' என்பதற்கும் 'வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போறேன்' என்பதற்கும் நடுவில்தான் நாம் எல்லோரும் விழுந்து கிடக்கிறோம்.

விவேக், பிரியாணி, சனிக்கிழமை

கொரோனா தடுப்பூசிக் காலம் இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெரிய பாடம். மறந்துவிட்டோம்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், கேமராக்கள் முன்னால், மக்களை ஊக்கப்படுத்துவதற்காகவே தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலை காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யார் காதில் ஏறும்? 'விவேக்குக்கே இப்படின்னா...' என்று வாட்ஸ்அப்பில் ஓடிய ஒற்றை வரி, சுகாதாரத் துறையின் மாதக்கணக்கான உழைப்பைப் பின்னுக்குத் தள்ளியது. அறிமுகமான ஒரு முகத்தின் கதை ஆயிரம் புள்ளிவிவரத்தை அடித்துவிடும். அதே ஆண்டு அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் இறந்தபோது இது மறுபக்கமாக நடந்தது. பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு இளைஞர்கள் குவிந்தார்கள். கூட்டம் பிறகு வடிந்தும் விட்டது.

அதே தடுப்பூசிக் காலத்தில், சென்னைக்கு அருகே கோவளம் மீனவர் குடியிருப்பில் பெரும்பாலோர் ஊசிக்கு வரவில்லை. தன்னார்வலர்கள் பிரியாணி போட்டார்கள்; தங்கக் காசு, ஸ்கூட்டர் என்று குலுக்கல் வைத்தார்கள். கூட்டம் சேர்ந்தது. 'உயிருக்குக்கூட பிரியாணி வேணுமா' என்று படித்தவர்கள் சிலர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை. பிரியாணிக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளும்போது, பயந்துகொண்டே போகிற அவமானம் இல்லை. ஆப்பிரிக்காவின் மலாவியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர்கள் முடிவை வாங்க வருவார்களா என்று ரெபெக்கா தார்ன்டன் என்ற பொருளாதார அறிஞர் பார்த்தார். எதுவும் தராதபோது வந்தவர்கள் 34 சதவிகிதம். சிறு தொகை தந்தபோது அது இரட்டிப்புக்கும் மேல் ஆனது. உயிர்பயத்தால் வராதவர்கள் என்று நினைத்தவர்களில் பலர், ஒரு சின்னச் சாக்குக்காகக் காத்திருந்தவர்கள்.

சாக்கு என்றதும் சனிக்கிழமை நினைவுக்கு வருகிறது. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டில் முதல் மெகா தடுப்பூசி முகாம். ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். சில வாரங்களில் கூட்டம் குறைய, காரணம் விசாரித்தார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை அதை எப்படி விடுவது! அப்போதைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் மக்களைத் திருத்த முயலாமல் கிழமையைத் திருத்திய இந்த முடிவை, நம் சுகாதாரத் துறை எடுத்த புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்றாக நான் சொல்வேன்.

கூப்பிடுவது யார்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் பிரஷர் கருவியும் சுகர் மெஷினுமாகப் படியேறுகிறார். அதே ஊர்ப் பெண். குழுவில் சேர்ந்து லோன் வாங்கியவர். "என்னத்த, போன மாசமும் மாத்திர போடலியா?" என்று உரிமையோடு அதட்டுகிறார். மருத்துவர் அதட்டினால் புண்படுகிறவர், இவர் அதட்டினால் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்போர் விகிதம் அடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் இரட்டிப்பானது. இன்னும் ஐந்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் போனால் ஆண்கள் இருப்பதில்லை. இருந்தாலும் "எனக்கு ஒண்ணுமில்ல, அவளுக்குப் பாரும்மா" என்று நழுவுவார்கள். 2024-ல் தொழிற்சாலைகளுக்கும் இந்தத் திட்டம் போனது இதனால்தான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்களின் ரத்த அழுத்தத்தை முடிதிருத்தும் கடையில் வைத்துப் பிடித்தார்கள். 52 கடைகள். முடிதிருத்துபவர் பேச்சுக் கொடுக்கிறார். சில கடைகளுக்கு மருந்தாளுநர் நேரில் வந்து அழுத்தம் பார்த்து மருந்தும் தருகிறார். ஆறே மாதத்தில் அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது. வெறும் அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் 9 புள்ளிகள். 2018-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது நம் சலூன்கள்தான் ஞாபகம் வந்தன. அரசியல், சினிமா, குடும்பச் சண்டை எல்லாம் பேசப்படும் இடத்தில் பிரஷரைப் பற்றிப் பேசக் கூடாதா?

வசதியுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. முழு உடல் பரிசோதனை 'பேக்கேஜ்' எடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற கூட்டம் பெருகியிருக்கிறது. வருமான வரியின் பழைய முறையில் 5,000 ரூபாய்வரை கழிவு உண்டு என்பதால் மார்ச் மாதம் லேப்கள் களைகட்டும். பொதுவான முழு உடல் பரிசோதனைகளால் மொத்த மரண விகிதம் குறைவதில்லை என்று, சுமார் இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளை அலசி 2019-ல் கோக்ரேன் குழு சொல்லியிருக்கிறது. எழுபது எண்கள் அச்சிட்ட காகிதத்தைவிட, நிரூபணமான நாலைந்து சோதனைகளைச் சரியான இடைவெளியில் எடுப்பதும், முடிவு வந்தபின் மருத்துவரைப் பார்ப்பதும்தான் உயிர் காக்கும். அவை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கின்றன.

30 வயது தாண்டிவிட்டதா? ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு ஆண், பெண் இருவருமே பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் கூடுதலாக மார்பகத்தையும் கருப்பைவாயையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கே போவது என்று சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்யுங்கள். இந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் எந்தக் கிழமை, எத்தனை மணி, கூட வருவது யார் என்ற மூன்றையும் காலண்டரில் எழுதிவிடுங்கள். கணவர்மார்களே, அன்றைக்கு அரை நாள் லீவு போட்டு நீங்களும் கூடப் போங்கள். போன இடத்தில் உங்கள் பிரஷரையும் பார்த்துவிடலாம்.